மிஸிக்கு விழுந்த அடியும் எங்கள் வீட்டுத் தேத்தண்ணியும்

எங்கள் வைத்தியசாலையில் வெளிநோயாளர் பிரிவின் கடைசி அறைதான் மருந்து கட்டும் அறை. நான் அங்கே சிற்றூழியன். புண் கழுவத் தண்ணீர் கொண்டுவருவது, கழற்றிய துணிகளை அகற்றுவது, நடக்க முடியாதவர்களைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் மேசையில் இருத்துவது, வரிசையைப் பார்ப்பது எல்லாம் என் வேலை. அதில் வரிசை பார்ப்பதுதான் எனக்குச் சரிவராது. ஒருவரைச் சத்தமாகக் கூப்பிடவே எனக்குக் கூச்சம். "அண்ணை 'அடுத்த ஆள் வாங்கோ' எண்டு கூப்பிட்டால் அடுத்த ஆளுக்கே கேக்காது" என்று மிஸி பகிடி பண்ணுவார்.

எங்கள் பக்கத்தில் தாதியரை மிஸி என்றுதான் கூப்பிடுவோம். அந்த அறைக்குப் பொறுப்பாக இருந்த மிஸி மன்னாரைச் சேர்ந்தவர். முப்பத்தைந்து வயது மட்டில் இருக்கும். ஒரு புண் ஆறி வருவதைக் கண்டால் அது தன் காலில் ஆறியதுபோலச் சந்தோசப்படுவார். சலரோகம், அதாவது நீரிழிவுப் புண்ணோடு வருகிற தோட்டக்காரர்கள் செருப்பில்லாமல் தோட்டத்துக்குள் இறங்கியிருந்தால், அதை மண்ணின் நிறத்தை வைத்தே கண்டுபிடித்து ஏசுவார். அந்த ஏச்சைக் கேட்கவே சிலர் செருப்பில்லாமல் இறங்குகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

அடி விழுந்த அன்று அறையில் அவர் ஒருவர்தான் நின்றார். மற்ற மிஸி அம்புலன்சில் ஒரு நோயாளியோடு போய்விட்டார். மேசையில் ஒரு சின்னப் பெண்பிள்ளை. சைக்கிள் சில்லுக்குள் கால் அகப்பட்டுக் குதிக்கால் கிழிந்திருந்தது. மிஸி அதைக் கழுவிக்கொண்டிருந்தார். வெளியே சனம் காத்திருக்கிற நீள வாங்கில், வாழைக்குப் பேர்போன நீர்வேலியிலிருந்து வந்த வாழைத் தோட்டக்காரர் ஒருவர் தன் தாயோடு இருந்தார். தாய்க்குக் காலில் சலரோகப் புண். ஒன்றுவிட்ட ஒரு நாள் வந்து கட்டுவிக்கிறவர். தாயை எனக்கு நன்றாகத் தெரியும். மகனை முகத்தளவில் மட்டும் தெரியும்.

மகன் எழுந்து வந்து வாசலில் நின்றார்.

"எவ்வளவு நேரமெண்டு மனிசர் இருக்கிறது? மருதனார்மடத்திலை லொறி நிக்குது. நான் போய்க் குலை ஏத்த வேணும்."

"இந்தப் பிள்ளையை முடிச்சிட்டு அடுத்தது அம்மாதான். கொஞ்சம் பொறுங்கோ."

"உங்களுக்கென்ன, வேலை செய்தாலும் சம்பளம், செய்யாட்டிலும் சம்பளம்."

"சத்தம் போடாதேங்கோ அண்ணை. பிள்ளை பயப்பிடுது."

அவ்வளவுதான் கதை. அவர் உள்ளே வந்து மிஸியின் கன்னத்தில் அறைந்தார். நான் இடையில் புகுந்தேன். என்னைத் தள்ளிவிட்டார். நான் மருந்து அலுமாரியில் போய் விழ, அலுமாரிக் கண்ணாடி உடைந்தது. பிறகு அவர் வெளியே போனார். மோட்டார் சைக்கிள் புறப்படுகிற சத்தம் கேட்டது. தாய் வாங்கிலேயே இருந்தார்.

மிஸி பிறகு கையைக் கழுவி, புதுக் கையுறை போட்டு, பிள்ளையின் காலைக் கட்டி முடித்தார். என்னைப் பார்த்து, "அம்மாவைக் கொண்டு வாங்கோ அண்ணை" என்றார். தாயின் புண்ணையும் கழுவி மருந்து வைத்துக் கட்டினார். தாய் அழுதுகொண்டிருந்தார். மிஸி கடைசியாகக் கட்டின் முனையை ஒட்டிவிட்டு, உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பொலிஸ் வந்தது. வந்த சார்ஜன்ட் முதலில் பார்த்தது கண்ணாடியைத்தான். உடைந்த இடத்தைப் படம் எடுத்தார். "இது அரசாங்கச் சொத்து. இதை உடைச்சால் லேசிலை பிணை கிடையாது. ஆளுக்கு அடிச்சது எண்டு மட்டும் போனால் பிணையிலை வந்திட்டுப் பிறகு கதைச்சுப் பேசி முடிச்சுப்போடுவினம்" என்றார்.

"அப்ப என்னைவிடக் கண்ணாடி பெரிசு" என்றார் மிஸி.

"நானே மிஸி சட்டம் எழுதினனான்? இருக்கிறதைச் சொல்லுறன்."

அவர் நல்ல மனிதர். அவருக்கும் அது வெட்கமாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துவிட்டு, யார் யார் கண்டது என்று விசாரித்தார். வாங்குகளில் அவ்வளவு சனம் இருந்தது. ஒருவர் தன் இலக்கத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒருவர் வெளியே வெற்றிலை துப்பப் போயிருந்தாராம். இன்னொருவர், "சத்தம் கேட்டது, ஆனால் நான் அங்காலை பாத்துக்கொண்டெல்லோ நிண்டனான்" என்றார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பக்கத்து ஊர், பக்கத்துத் தோட்டம், நாளைக்கு ஒரு கலியாணம் காட்சி என்றால் முகம் பார்க்க வேண்டும். கண்டேன் என்று சொல்ல நான் ஒருவன்தான் இருந்தேன். வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டதால் என் கையெழுத்து இப்போதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் எழுத்துப்போல ஒவ்வொரு எழுத்தாகத்தான் இருக்கும். சார்ஜன்ட் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த ஆளைப் பிடித்து விளக்கமறியலில் வைத்தார்கள். பிறகு பிணையில் விட்டார்கள். வழக்குக்குத் தவணை போட்டார்கள்.

மிஸி இடமாற்றத்துக்கு எழுதப்போவதாகச் சொன்னார். ஒரு நாள் பின்னேரம் நான் அறையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, தானாகவே கதைத்தார்.

"அடி எனக்குப் பெரிசில்லை அண்ணை. அவ்வளவு சனமும் காணேல்லை எண்டு சொன்னதுதான். இனி அந்த வாங்கிலை இருக்கிற ஆக்களின்ரை காலைத் தொடேக்கை, இவர் அண்டைக்கு இருந்தவரோ எண்டுதான் பாப்பன். அப்பிடிப் பாத்துக்கொண்டு வேலை செய்யேலாது. நீங்கள் ஒருத்தர் கண்டனெண்டு சொன்னனீங்கள். கோட்டிலையும் அதைச் சொன்னால் நான் இருப்பன். நீங்களும் கைவிட்டால் ஊருக்குப் போறன்."

நான் "ஓம் மிஸி" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் இரண்டு குடும்பத்துக்கிடையில் மனத்தாங்கல் வந்தால் போக்குவரத்து நின்றுபோகும். சமாதானம் பேச வருபவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். கொண்டுவந்ததை வீட்டுக்காரர் வாங்கி, வந்தவர்கள் அந்த வீட்டில் தேத்தண்ணி குடித்தார்கள் என்றால் விசயம் முடிந்தது. பிறகு அதைப்பற்றி யாரும் கதைக்கக்கூடாது. இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். என் மனைவிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அன்று வந்தவர் கோயில் தர்மகர்த்தா. திருவிழாவுக்கு முன்னம் வழக்கமாக எங்கள் வீட்டுக்கு வருகிறவர். கூட வந்தவரை அவளுக்குத் தெரியாது. அவர் அந்தத் தோட்டக்காரரின் தாய்மாமன். கையில் ஒரு கதலிக் குலை. கோயிலுக்குப் போகிற குலையாக்கும் என்று அவள் நினைத்திருக்கிறாள். "உதை உள்ளுக்கை வை பிள்ளை" என்று தர்மகர்த்தா சொல்ல, பிரசாதம் தருகிறார் என்று வாங்கி உள்ளே வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிவிட்டாள்.

நான் ஈரத் துவாயோடு வந்தபோது அவர்கள் கோப்பையை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள்.

"அப்ப வாறம் தம்பி. எல்லாம் நல்லபடியாய் முடிஞ்சுது. பிள்ளையின்ரை தேத்தண்ணியைப் பற்றிச் சொல்ல வேணுமே" என்றார் தர்மகர்த்தா.

கேற்றடியில் நின்ற தாய்மாமனின் முகத்தைக் கண்டபிறகுதான் எனக்கு விளங்கியது. மேலில் துணியில்லாமல், தலையில் தண்ணீர் வடிய, நான் என்ன சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள் மோட்டார் சைக்கிள் ஒழுங்கை முடக்கில் திரும்பிவிட்டது.

மனைவியிடம் சொன்னேன். அவள் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சீனியும் கூடப் போட்டுக் குடுத்தன்" என்றாள்.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போவதற்கு முன்னமே கதை போய்விட்டது. வாசலில் நின்ற காவலாளி, "என்ன அண்ணை, சமாதானமாய்ப் போட்டியளாம், நல்லது" என்றார். மிஸி அன்று முழுக்க என்னோடு வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை. "தண்ணி கொண்டு வாங்கோ." "அடுத்த ஆளைக் கூப்பிடுங்கோ." ஏச்சுமில்லை, பகிடியுமில்லை. செருப்பில்லாமல் வந்த ஒருவர் ஏச்சை எதிர்பார்த்துக் காலை நீட்டிக்கொண்டிருந்தார். மிஸி பேசாமல் கழுவிவிட்டார். அவர் தனக்கு ஏதோ பெரிய நோய் வந்துவிட்டதாக்கும் என்று பயந்து என்னைப் பார்த்தார்.

மத்தியானம் நான் மிஸியிடம் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். "எனக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம் அண்ணை. நீங்களும் ஊரிலை இருக்க வேணும்" என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் எனக்குக் கூட நோவாக இருந்தது.

வீட்டில் மனைவி ஒரு முடிவோடு இருந்தாள். "குலையைத் திருப்பிக் குடுப்பம்."

"குலை எங்கை?"

அதில் முக்கால்வாசியை நாங்களும் அயலும் தின்றுவிட்டோம். அவளும் தின்றாள். நல்ல பழம்.

"அப்ப வேறை வாங்குவம்" என்றாள்.

நாங்கள் இருவரும் மருதனார்மடச் சந்தைக்குப் போய் அதே அளவில் ஒரு கதலிக் குலை பார்த்தோம். வியாபாரி, "ஆருக்கு, விசேசமோ?" என்று கேட்டார். மனைவி, "நீர்வேலிக்குக் கொண்டு போறம்" என்றாள். அவர் காசை வாங்கின கையோடு எங்களை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரர், "கடலுக்கு உப்பு அனுப்பேக்கையும் சொல்லுங்கோ, நானும் கொஞ்சம் தாறன்" என்றார். சந்தை சிரித்தது. மனைவி குலையை மோட்டார் சைக்கிளில் தன் மடியில் வைத்துக்கொண்டு, "ஓட்டுங்கோ" என்றாள்.

அந்த வீட்டில் தோட்டக்காரர் முற்றத்தில் தண்ணீர்ப் பம்பைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களையும் குலையையும் கண்டதும் எழுந்துவிட்டார். தாய் உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து கதிரையில் இருந்தார். காலில் வேறு யாரோ கட்டிய கட்டு. இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

குலையைப் படியில் வைத்தேன். வழி முழுக்க என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தது எல்லாம் அந்த முற்றத்தில் நின்றவுடன் போய்விட்டது. மனைவி என் முதுகில் ஒரு விரலால் குத்தினாள்.

"நான் கோவத்திலை வரேல்லை" என்றேன். "என்னைத் தள்ளினது எனக்குப் பரவாயில்லை. அதுக்கெண்டால் நான் தேத்தண்ணி குடிப்பன். கன்னத்திலை அடி விழுந்தது மிஸிக்கு. மிஸிக்கு விழுந்த அடிக்கு எங்கடை வீட்டிலை தேத்தண்ணி குடிக்கேலாது. நான் கோட்டிலை கண்டதைச் சொல்லுவன். அதை உங்களுக்கு முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டுப் போக வந்தனாங்கள்."

என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் கதைத்த பெரிய கதை அதுதான்.

"மாமாவை இதெல்லாம் செய்யவெண்டு நான் அனுப்பேல்லை" என்றார் மகன், பம்பைப் பார்த்துக்கொண்டு. "லொறி போகப் போகுது எண்ட அந்தரம், அவசரம். கோவம் வந்திட்டுது."

"லொறிக்காரன் சுணங்கினாலும் கோவம் வரும்தானே" என்றார் தாய். "அவனுக்கு அடிச்சனியோ? அடிச்சால் அவன் திருப்பி அடிப்பான். அந்தப் பிள்ளை உன்னட்டை அடி வாங்கிப்போட்டு என்ரை காலை இருந்து கட்டினது. நீ லொறிக்குப் போட்டாய். நான் எல்லோ அதின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டிருந்தனான்."

மகன் குனிந்து பம்பைத் திரும்பவும் துடைக்கத் தொடங்கினார். தாய் எங்களைப் பார்த்து, "இருங்கோ பிள்ளை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றார்.

"ஐயோ வேண்டாம் அம்மா" என்றாள் மனைவி. "நான் தேத்தண்ணி விசயத்திலை இனிமேல் கவனம்."

தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. புண் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு மெதுவாக, "அந்த மிஸி என்னை இனித் தொடுவாவோ?" என்று கேட்டார். மனைவி, "வந்து பாருங்கோவன்" என்றாள்.

வரும் வழியில் மனைவி பின்னாலிருந்து ஒன்று சொன்னாள். "இஞ்சேருங்கோ, கேசு உங்கடை பேரிலையும் மிஸியின்ரை பேரிலையும் இருக்கிறபடியால்தானே எங்கடை வீட்டை வந்தவை. ஆஸ்பத்திரியின்ரை பேரிலை இருந்திருந்தால் ஆரின்ரை வீட்டை போறது? ஆஸ்பத்திரிக்கு ஆர் தேத்தண்ணி ஊத்துறது?"

நான் அதைப்பற்றி வீடு வரும்வரை யோசித்தேன்.

நடந்ததையும் வழியில் மனைவி சொன்னதையும் அடுத்த நாள் மிஸியிடம் சொன்னேன். இந்த முறை மறிக்காமல் கேட்டார். நீர்வேலிக்குக் குலை கொண்டுபோன இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சந்தையுக்கை நிண்டு இதைச் சொன்னவவோ உங்கடை மனிசி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆனால் இடமாற்றத்தைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் துணிவில்லை.

மருத்துவமனைகளில் வேலை செய்பவர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தனியாகச் சட்டம் வேண்டும் என்று கொஞ்சக் காலமாகவே கதை அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் எங்கள் தொழிற்சங்கத்தவர்கள் ஒரு பெண் சட்டத்தரணியைக் கூட்டிவந்தார்கள். ஊழியர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எழுதிக் கொழும்புக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். கிளினிக் மண்டபத்தில் எல்லோரும் கூடினோம். டொக்டர்மார் தண்டனையைப்பற்றிக் கதைத்தார்கள். வாசலில் பொலிஸ் வேண்டும் என்றார் ஒருவர். கமரா வேண்டும் என்றார் இன்னொருவர். ஆளில்லாத இடத்தில் ஒரு மிஸியை மட்டும் விடக்கூடாது, நெடுநேரம் காத்திருக்கிற சனத்துக்கும் கோபம் வரும்தானே என்று மற்ற மிஸி சொன்னார். அது எனக்குச் சரியென்று பட்டது. நான் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

எங்கள் மிஸி எழுந்தார். "அண்ணைக்கு ஒண்டு சொல்லக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்தேன்.

"முறைப்பாடு ஆஸ்பத்திரியின்ரை பேரிலை இருக்க வேணும்" என்றேன். "அடி வாங்கின ஆளின்ரை பேரிலை இருந்தால் அந்த ஆளின்ரை வீட்டுக்குக் குலை வரும்."

முன்னுக்கிருந்தவர்கள், "கேக்கேல்லை, சத்தமாய்ச் சொல்லுங்கோ" என்றார்கள். திரும்பவும் சொன்னேன். "என்ன குலை?" என்று கேட்டார் சட்டத்தரணி. நான் தடுமாற, கதை தெரிந்த காவலாளியும் மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கத்தால் சொல்லி முடித்தார்கள். மண்டபம் சிரித்து அடங்கியது. பிறகு ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் வீட்டுக்கு வந்ததைச் சொல்லத் தொடங்கினார்கள். மருந்து கொடுக்கிற தம்பிக்கு ஒரு சாக்கு வெங்காயம் வந்ததாம். அம்புலன்ஸ் சாரதிக்கு மச்சான் முறையான ஒருவரே வந்து நின்றாராம். எவ்வளவு வழக்கு வழக்காகாமலே எங்கள் வீட்டு முற்றங்களில் முடிந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

"குலையைச் சட்டத்திலை எழுதேலாது" என்றார் சட்டத்தரணி, சிரித்துக்கொண்டு. "ஆனால் நிறுவனத்துக்குப் பொறுப்பானவர்தான் முறைப்பாடு செய்ய வேணும், தாக்கப்பட்டவர் தனியாய் அதைத் திருப்பி வாங்கேலாது எண்டு கேக்கலாம். வேறை நாடுகளிலையும் இந்த மாதிரி யோசிச்சிருக்கினம்."

எங்கள் பொறுப்பு டொக்டர் அதுவரை பேசாமல் இருந்தவர். "சட்டம் எப்ப வருமோ தெரியாது" என்றார். "அதுவரைக்கும் நாங்கள் பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. இனி எந்த முறைப்பாடெண்டாலும் பொலிசுக்கு நான் போறன். இந்த வழக்குக்கும் வாறன்." பிறகு என்னைப் பார்த்து, "என்ரை வீட்டுக்குக் குலை வந்தால் என்ன செய்யிறதெண்டு உங்கடை மனிசியிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ" என்றார்.

வழக்கு நாளில் டொக்டர் வந்தார். மற்ற மிஸியும் காவலாளியும் வந்தார்கள். அதைவிட ஒன்று நடந்தது. அன்று துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னவர் நீதிமன்ற வாசலில் நின்றார். "நானும் கண்டனான்தான். இப்ப சொன்னால் எடுப்பினமோ?" என்று சார்ஜன்டிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கும் அவருக்கும் சாட்சி சொல்ல வேலை இருக்கவில்லை. குற்றப்பத்திரத்தை வாசித்து நீதவான் கேட்டபோது, தோட்டக்காரர், "ஓம், அடிச்சனான்" என்றார். அவருடைய சட்டத்தரணி திரும்பிப் பார்த்தார். இப்படிச் சொல்லப்போவது அவருக்கே தெரியாது போலிருந்தது. நீதவான் அவரைக் கடுமையாகக் கண்டித்து, ஒத்திவைத்த சிறைத்தண்டனையும் தண்டமும் விதித்தார். கண்ணாடிக்கு ஒன்று, அடிக்கு ஒன்று என்று இரண்டையும் தனித்தனியாக வாசித்தார்கள். அடியைப்பற்றி வாசித்தபோது மிஸி நிமிர்ந்து இருந்தார்.

வெளியே வந்தபோது தோட்டக்காரர் எங்களைக் கடந்து போனார். நின்று கதைக்கவில்லை. தாய்மாமன் என்னைப் பார்க்காமல் பார்த்தார். அதற்குப் பிறகு கோயிலில் கண்டாலும் அவர் என்னோடு கதைப்பதில்லை. தர்மகர்த்தா மட்டும் திருவிழாவுக்கு முன்னம் வந்தார். மனைவி கோப்பையை எடுக்க முன்னம், "ஐயா, கையிலை ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டாள். அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் இருந்தார்.

"மன்னிப்புக் கேக்கேல்லையே மிஸி" என்றேன் நான், வழக்கு முடிந்த அன்று பஸ் தரிப்பிடத்தில்.

"கேக்கேல்லை. ஆனால் நாலு பேருக்கு முன்னாலை ஓம் எண்டவர். எனக்கு அது போதும்."

அந்தச் சட்டம் இதை எழுதும்வரை வரவில்லை. வரும் என்கிறார்கள். கொழும்பில் யாரோ ஒருவருடைய மேசையில் எங்கள் மண்டபத்தின் கதையும் கிடக்கும். டொக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றி வருகிறார். ஒருமுறை ஒருவர் கெட்ட வார்த்தை பேசியதற்கே அவர்தான் பொலிசுக்குப் போனார். யாருடைய வீட்டுக்கும் யாரும் வரவில்லை.

வழக்கு முடிந்த அடுத்த கிழமை, கடைசி நோயாளியும் போனபிறகு, மிஸி கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"அண்ணை, இந்தப் பக்கத்திலை வாடகைக்கு ஒரு சின்ன வீடு இருக்குமோ? நல்ல தண்ணிக் கிணறு இருக்க வேணும். மகளை இஞ்சை கூட்டிக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்திலை சேக்கலாமெண்டு யோசிக்கிறன்."

"பாப்பம் மிஸி" என்றேன்.

பின்னேரம் நானும் மனைவியும் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில், பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் சொந்தக்காரரைத் தேடிப் போனோம். கேற்றடியில் அவள் என் முதுகில் குத்துவதற்கு முன்னமே, நான் உள்ளே பார்த்து, "வீட்டுக்காரர்" என்று கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. உள்ளே யாரோ, "ஆரது, வாறன்" என்று சொல்வது கேட்டது.